இப்னு பதூதாவின் மாலைதீவு: விருந்தாளி காழியான கதை

ஒவ்வொரு வருடமும் இஸ்லாமிய தினப் போட்டிகள் நெருங்கும்போது ஒரு பிள்ளையாவது இப்னு பதூதாவைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு என்னிடம் வரும். நானும் வருடா வருடம் ஒரே குறிப்பைத்தான் எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். மொரோக்கோவின் தஞ்ஜா நகரில் 1304இல் பிறந்தவர். 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். பாவா ஆதம் மலை ஏறினார். கொழும்பில் ஜாலஸ்தி என்பவர் சுமார் 500 அபிசீனியரோடு இருந்ததை எழுதி வைத்தார். ஆகவே இந்நாட்டு முஸ்லிம்களின் வரலாறு மிகப் பழையது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இது தாராளமாகப் போதும். பரிசும் கிடைத்திருக்கிறது.

போன வருடம் பேச வந்த பிள்ளை குறிப்பை வாசித்துவிட்டு, "டீச்சர், அவர் மொரோக்கோவில இருந்து நேரா புத்தளத்துக்கா வந்தார்?" என்று கேட்டாள்.

"இல்ல மகள், மாலைதீவுல இருந்து வந்தார்."

"அங்க என்ன செஞ்சார்?"

"காழியா இருந்தார்."

"என்ன தீர்ப்புச் சொன்னார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்று இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். இப்னு பதூதாவைப் பற்றி எத்தனையோ பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரது நூலின் மாலைதீவு அத்தியாயத்தை ஒரு நாளும் முழுதாக வாசித்ததில்லை. இலங்கையைப் பற்றிய பக்கங்களை மட்டும், அதுவும் பிறர் எடுத்தாண்ட அளவில்தான், அறிந்திருந்தேன். எனக்கு மட்டும் உரிய குறை இது என்று நான் நினைக்கவில்லை. நம்மவர் எழுதும் மலர்களையும் கட்டுரைகளையும் புரட்டினால் அதே இரண்டு மூன்று செய்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்த வெட்கத்தில் தேடி வாசித்ததன் விளைவே இக்கட்டுரை. அரபு மூலத்தை நேரே வாசிக்கும் தகுதி எனக்கில்லை. கிப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும், மஹ்தி ஹுசைன் 1953இல் பரோடாவிலிருந்து வெளியிட்ட மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆகவே இது மொழிபெயர்ப்பை வாசித்தவளின் விமர்சனம். அரபு தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும்.

தீவுக்கு வந்தவர்

1343ஆம் ஆண்டின் இறுதியில் மாலைதீவுக்குப் போய், 1344 ஓகஸ்ட்டில் அங்கிருந்து புறப்பட்டார் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. முதலில் இறங்கியது கன்னலூஸ் என்று அவர் எழுதும் தீவில். இன்றைய கினொல்ஹஸ் தீவு அதுதான் என்பார்கள். தான் யார் என்பதை மறைத்து வைக்க முதலில் அவர் எண்ணியிருந்தார். அங்கே தகுதியான காழி இல்லை, தன்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தார். அப்படியே நடந்தது. டில்லியில் காழியாக இருந்தவர் என்று தெரிந்ததும் விடவில்லை. வீடு, பணிப்பெண்கள், பரிசு என்று கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அழைக்காத வீட்டுக்குள் அவர் அதிகாரத்தோடு நுழையவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒரு பெண். சுல்தான் ஜலாலுத்தீன் உமரின் மகள் கதீஜா. வெள்ளிக்கிழமைக் குத்பாவில் அவருடைய பெயரைச் சொல்லித்தான் துஆ கேட்டார்கள். அவருடைய கணவர் ஜமாலுத்தீன் வஸீராக இருந்து நிர்வாகத்தைக் கவனித்தார். பெண் ஆளுவதை இப்னு பதூதா ஓர் அதிசயமாக எழுதுகிறார். கண்டித்து எழுதவில்லை.

இந்த அத்தியாயத்தின் முதற்பகுதி மிக அழகானது. தென்னை மரத்திலிருந்து என்னென்ன செய்கிறார்கள், தேங்காய் மட்டையை எப்படி ஊறவைத்து அடித்துக் கயிறு திரிக்கிறார்கள், ஆணி அடிக்காமல் அந்தக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டுவது எப்படி என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லுகிறார். சோகி அங்கே நாணயமாக ஓடியது. நான்கு லட்சம் சோகிக்கு ஒரு தங்க தீனார் என்று கணக்கும் தருகிறார்.

மீனைப் பற்றிய பகுதியில் நான் நின்றுவிட்டேன். சிவந்த சதையுள்ள மீனை நான்காக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகை காட்டிக் காயவைப்பார்களாம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அது ஏற்றுமதியானதாம். இது நம்முடைய மாசி. வாப்பாவின் கடை லிந்துலைக் கடைத்தெருவில் இருந்தது. சம்பளத்து நாளில் தோட்டத்து ஆட்கள் அரிசி, மா, கருவாட்டோடு மாசித் தூளும் ஒரு சரை கட்டித் தரச் சொல்லுவார்கள். எங்கள் கடைச் சாமானைப் பற்றி அறுநூற்று எண்பது வருடத்துக்கு முந்தி ஒருவர் எழுதி வைத்திருப்பதை வாசித்தபோது, அந்தத் தீவுகள் எனக்குத் தூரமாகத் தெரியவில்லை.

பார்க்கிற இடத்திலெல்லாம் இப்னு பதூதா நல்ல எழுத்தாளர். அவருடைய கண் சின்னச் சாமான்களை மதிக்கிறது. தீர்ப்புச் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

காழியின் தீர்ப்புகள்

காழிப் பதவியை ஏற்றதும் தான் மாற்றிய முதல் வழக்கம் இன்னது என்று அவரே சொல்லுகிறார். அந்நாட்டில் தலாக் சொல்லப்பட்ட பெண், வேறொருவரை மணக்கும்வரை முன்னாள் கணவனின் வீட்டிலேயே தங்கியிருப்பாள். இதை அவர் தடுத்தார். அப்படி வைத்திருந்த சுமார் 25 ஆண்களைப் பிடித்துவரச் செய்து, சவுக்கால் அடித்து, கடைத்தெருவில் சுற்றிக் காட்டினார். பெண்களை அந்த வீடுகளிலிருந்து வெளியேற்றினார்.

ஜும்ஆவுக்கு வராதவர்களுக்கும் அடி. திருடியவன் ஒருவனின் கையை வெட்ட உத்தரவிட்டபோது, சபையில் இருந்த தீவு மக்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள் என்கிறார். அந்த மயக்கத்தை மறைக்காமல் எழுதியதற்கு நாம் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தத் தண்டனையைக் கண்டு பழகாத சமூகம் அது என்பது அந்த ஒரு வரியால்தான் நமக்குத் தெரிகிறது.

இந்தப் பகுதியை நான் தமிழில் சுருக்கி எழுதி, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வாசித்துக் காட்டினேன். எங்கள் வகுப்பில் கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் இத்தா முடிந்த பிறகு அந்நியன் வீட்டில் தங்கலாமா கூடாதா என்று பேசத் தொடங்கினார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இடையில் கையை உயர்த்தி, "அப்ப அந்தப் பொம்பளைங்க எல்லாம் எங்க டீச்சர் போனாங்க?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியானது. அந்தப் பிள்ளை ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் இருக்கும்வரைதான் அந்தக் குடும்பத்துக்குக் கூரை உறுதி. ஒரு மனிசியை வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போவாள் என்பதுதான். சட்டம் அறிந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று இப்னு பதூதா எழுதவில்லை. ஆனால் அந்த வழக்கம் ஏன் இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டிய செய்திகள் எல்லாம் அவரிடமே இருக்கின்றன. கப்பலில் வருபவர்கள் அங்கே மணம் முடிப்பார்கள், கப்பல் புறப்படும்போது தலாக் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று ஓரிடத்தில் சொல்லுகிறார். மஹர் குறைவு என்கிறார். அந்நாட்டுப் பெண்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே போவதே இல்லை என்றும் சொல்லுகிறார். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆண்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிற, பெண்கள் போக முடியாத ஒரு தீவில், தலாக் ஆன பெண்ணுக்குக் கூரை தருகிற ஏற்பாடாக அந்த வழக்கம் வளர்ந்திருக்கலாம். சாட்சிகள் எல்லாவற்றையும் தானே பதிந்து வைத்துவிட்டு, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமலே தீர்ப்பை எழுதிவிட்டார் காழி.

அவர் பக்கம் நின்றும் பேசலாம். மாலிகி மத்ஹபில் ஊறிய ஒரு காழி வேறு எப்படித் தீர்ப்பளிப்பார் என்று கேட்கலாம். அது சரி. ஆனால் ஃபிக்ஹில் ஒரு நாட்டின் வழக்கத்துக்கு, உர்ஃபுக்கு, இடம் உண்டு. அதை ஏற்பதா மறுப்பதா என்பது பிறகு. முதலில் ஏன் இந்த வழக்கம் என்று விசாரிக்க வேண்டாமா? அவருடைய பக்கங்களில் அடியின் விவரம் இருக்கிறது, விசாரணையின் விவரம் இல்லை.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். நாட்குறிப்பைப் பார்த்து எழுதிய நூல் இல்லை இது. நாடு திரும்பிய பின் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில், சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, இப்னு பதூதா நினைவிலிருந்து சொல்ல இப்னு ஜுஸைய் எழுதி 1355இல் நிறைவு செய்தது. தூரத் தீவொன்றில் தான் எவ்வளவு கண்டிப்பான காழியாக இருந்தேன் என்று அரசவைக்குக் காட்டும் ஆசை அந்த வரிகளில் கலந்திருக்கலாம். அந்தச் சபையில் மாலைதீவுப் பெண் எவளும் இருந்திருக்கப் போவதில்லை.

அவர் தோற்ற இடம்

மாலைதீவுப் பெண்கள் அக்காலத்தில் இடுப்பிலிருந்து கீழே மட்டும் உடுத்தியிருந்தார்கள். தலையை மூடுவதில்லை. ஆட்சியிலிருந்த பெண்ணும் அப்படித்தான். காழியான பின் இதை மாற்ற அவர் முயன்றார், முடியவில்லை. வழக்குக்காகத் தன் முன் வரும் பெண்களை மட்டும் மூடிக்கொண்டு வரச் செய்தார், அதற்கு மேல் தன்னால் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். தன்னிடம் இருந்த பணிப்பெண்களுக்கு டில்லிப் பாணியில் உடுப்பித்து முக்காடு போடச் செய்தாராம். பழக்கமில்லாததால் அது அவர்களுக்கு அழகாக இல்லாமல் அலங்கோலமாகவே இருந்தது என்கிறார்.

என் வாசிப்பில் இந்த நூலின் மிக உயர்ந்த இடம் இது. ஏனென்றால் தீவுப் பெண்களின் குரல் அத்தியாயம் முழுவதிலும் ஓரிடத்திலும் நேராகக் கேட்பதில்லை. அவர் அங்கே பல பெண்களை மணந்தார். ஆட்சிக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்தார். மனைவியர் கணவனோடு ஒன்றாக இருந்து சாப்பிடுவதில்லை, வற்புறுத்தியும் சிலர் இணங்கவில்லை என்று எழுதுகிறார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இல்லை. ஆனால் அவர்கள் செய்யாமல் விட்டது இருக்கிறது. அவர் சொன்னபடி உடுக்கவில்லை, அவர் சொன்னபடி உண்ணவில்லை. அவருடைய தோல்விகளின் பட்டியலுக்குள்தான் அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். தன் தோல்வியை எழுதிவைத்த நேர்மை இல்லாவிட்டால் அவர்களை நாம் அறிந்தே இருக்க மாட்டோம்.

இதை நான் நடுநிலையாக வாசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உம்மாவின் காலத்தில் லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் சேலை உடுத்து, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு போவார்கள். அதுவே பேணுதலான உடை என்று நம்பினார்கள். நான் பிள்ளையாக இருந்தபோது வெளியூரிலிருந்து ஒருவர் பெண்கள் பயானுக்கு வந்தார். இந்தச் சேலையெல்லாம் மார்க்கத்தில் இல்லாத உடுப்பு என்று பேசிவிட்டு அன்றைக்கே வானில் ஏறிப் போய்விட்டார். உம்மா வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கட உம்மா, உம்மும்மா எல்லாம் என்ன உடுத்தாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். நான் இன்று அபாயா உடுக்கிறேன், விரும்பித்தான் உடுக்கிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு காரியாலய வாசலில் அதைக் கழற்றிவிட்டு வா என்று என்னை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கும் உம்மாவின் கேள்விதான் ஞாபகம் வந்தது. உடு என்று சொல்ல வந்தவரும் கழற்று என்று சொன்னவரும், நாங்கள் ஏன் இப்படி உடுக்கிறோம் என்று எங்களிடம் கேட்கவே இல்லை.

மற்றவரைச் சொல்லும்போது என்னையும் சொல்ல வேண்டும். முதல் நியமனத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போனேன். சிறப்புப் பட்டம் பெற்ற மிடுக்கு. பிள்ளைகளின் பேச்சைக் கேட்டதும், இது என்ன தமிழ் என்று தோன்றியது. ஆறாம் வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை எதைச் சொன்னாலும் நான் நடுவில் புகுந்து, "அப்பிடிச் சொல்லக் கூடாது, இப்பிடிச் சொல்லு" என்பேன். இரண்டு தவணை கழிந்தபோது அவளுடைய எழுத்துப் பிழையெல்லாம் குறைந்திருந்தது. வாய் திறப்பதும் நின்றுபோயிருந்தது. நான் பிழை என்று திருத்திய சொற்களில் பல, அவளுடைய முப்பாட்டன்மார் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து மலையில் காப்பாற்றி வைத்த நல்ல தமிழ்ச் சொற்கள் என்று எனக்குத் தெரிய வர வருடங்கள் எடுத்தன. இப்னு பதூதா தன் தோல்வியை எழுதினார். எனக்கு அன்று கிடைத்ததை நான் வெற்றி என்றல்லவா நினைத்தேன்.

விருந்தாளி கப்பற்படையோடு

வஸீரோடு மனஸ்தாபம் முற்றியதும் மனைவியரைத் தலாக் செய்து தீவைவிட்டுப் புறப்பட்டார். அங்கிருந்துதான் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறினார். நம் பேச்சுகளில் வரும் பக்கங்கள் இவை. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை நாம் சொல்லுவதில்லை.

இலங்கையிலிருந்து மஃபருக்கு, அதாவது தமிழகக் கரைக்கு, போனார். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் அவருக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா டில்லியில் மணந்த பெண்ணும் சகோதரிகள். அந்தச் சுல்தானிடம் மாலைதீவின் நிலையை எடுத்துச் சொல்லி, கப்பற்படை அனுப்பித் தீவுகளைப் பிடிக்கும் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். தனக்குச் சோறு போட்ட நாட்டின் மீது! இதையும் அவரேதான் எழுதியிருக்கிறார். அதே சுல்தான் போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அருவருத்து எழுதியதும் அவரே. கொடுமையை வெறுக்கிறார், கொடுமைக்காரனின் கப்பலைக் கேட்கிறார். சுல்தான் மரணித்துப்போக, இவரும் காய்ச்சலில் விழ, திட்டம் கைகூடவில்லை.

பின்னொரு நாள் மாலைதீவுக்குத் திரும்பி, தான் போன பிறகு பிறந்த மகனைப் பார்த்தார். பிள்ளையைக் கூட்டிப் போக எண்ணி, பின் தாயோடு இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டு வங்காளத்துக்குக் கப்பலேறினார். நான்கைந்து வரிதான். நூலில் ஈரமான வரிகள் அவை.

அவர் போட்ட திட்டத்தைப் பின்னால் வேறு ஆட்கள் நிறைவேற்றினார்கள். 1558இல் போர்த்துக்கேயர் மாலேயைப் பிடித்தார்கள். 1573இல் உதீமுவைச் சேர்ந்த முஹம்மத் தகுருஃபானு அவர்களை விரட்டினார். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மாலைதீவுச் சுல்தானின் தூதுவர் வருடந்தோறும் காணிக்கையோடு கொழும்புக்கு வந்து தேசாதிபதியைக் கண்டுபோவது வழக்கமாக இருந்தது.

இங்கே மூன்று வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1882இல் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த அல்பர்ட் கிரே, இப்னு பதூதாவின் மாலைதீவு, இலங்கைப் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை அதை வெளியிட்டது. 1883இல் அதே சேவையைச் சேர்ந்த எச். சி. பி. பெல், மாலைதீவின் நிலம், காலநிலை, வரலாறு, வர்த்தகம் பற்றிய விரிவான அறிக்கையைக் கொழும்பு அரச அச்சகத்தில் வெளியிட்டார். 1887 டிசம்பரில் மாலைதீவு பிரித்தானியப் பாதுகாப்பு நாடானது. 1965 ஜூலை 26இல்தான் அந்த உறவு முடிந்தது. நூலை மொழிபெயர்த்ததால் நாடு பறிபோனது என்று நான் சொல்லவில்லை. பயணியின் குறிப்பும் அதிகாரியின் அறிக்கையும் ஆளுபவனின் ஒப்பந்தமும் ஒரே நகரத்தில், ஐந்தாறு வருடத்துக்குள் உருவாகின என்பதைக் கவனிக்கச் சொல்லுகிறேன்.

பெல்லின் வேலையைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. 1920இலும் 1922இலும் திரும்பப் போய், தென் அதொல்களில் பௌத்த தாதுகோபுர இடிபாடுகளைக் கண்டு ஆராய்ந்தார். அவர் இறந்த பிறகு 1940இல் அந்தப் பெருநூல் வெளிவந்தது. தீவுகள் இஸ்லாத்துக்கு வந்த வரலாற்றை இப்னு பதூதா கடலிலிருந்து வரும் பூதத்தின் கதையாகச் சொல்லி முடித்துவிட்டார். அதற்கு முந்தி அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. பெல் மண்ணைத் தோண்டிக் கேட்டார்.

நான் போனதும், அவர்கள் எங்களிடம் வருவதும்

இந்த வாசிப்புக்கு முன்னரே ஒரு முறை மாலைதீவுக்குப் போயிருக்கிறேன். இலங்கை ஆசிரியர் பலரைப்போல என் தம்பியும் அங்கே ஒரு தீவில் படிப்பித்தான். டிசம்பர் விடுமுறையில் போய் வந்தேன். மாலேயில் 1658இல் கட்டிய ஹுகுரு மிஸ்கியைப் பார்த்தேன். பவளக் கல்லைச் செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய ஜும்ஆப் பள்ளி. சிங்களம் தெரிந்த காதுக்கு அவர்கள் எண்ணுவது பாதி விளங்கும். தம்பியோடு படிப்பித்த அந்நாட்டு ஆசிரியை ஒருவரிடம், இப்னு பதூதாவைப் பற்றி உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்டேன். "படிக்கிறார்கள். வந்தார், கல்யாணம் முடித்தார், எங்களை அடித்தார், போனார்" என்று சிரித்தார். அப்போது அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை.

இன்றைய பயணிக்குக் காழியாகும் கஷ்டம் இல்லை. 1972இல் தொடங்கிய உல்லாசப் பயணத் தொழில், ஆள் இல்லாத தீவொன்றுக்கு ஒரு விடுதி என்ற முறையில் வளர்ந்தது. குடியிருப்புத் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்தது பிற்காலத்தில். விமான நிலையத்திலிருந்து நேரே விடுதிக்குப் போய், அந்நாட்டு வீடொன்றின் வாசலை மிதிக்காமலே திரும்பலாம். இப்னு பதூதா மக்களோடு வேண்டிய அளவுக்கு மேல் கலந்தார். இவர்கள் மக்களைக் காணாமலே அழகைக் கண்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த இரண்டு வகைப் பயணிகளையும் எங்கள் மலை நன்றாக அறியும். சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட இலங்கை நூலில் நுவரெலியா வேட்டைக்கும் விவசாயத்துக்கும் ஏற்ற குளிர்நாடாகத் தெரிகிறது. பின்னால் வந்த துரைமார் ஹோலிரூட், லோகி, டில்லிகூல்ட்ரி என்று தங்கள் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள். இன்று தலவாக்கலைப் பாதையோரம் வானை நிறுத்துகிறவர்கள் கொழுந்து எடுக்கிற மனிசியைப் படம் பிடிப்பார்கள். கூடை, சிரிப்பு, பின்னால் பச்சை மலை. அவள் எந்த லயத்தில் இருக்கிறாள், 1948இல் அவளுடைய பாட்டனின் பிரஜாவுரிமை என்னவானது என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் வராது.

எப்படி வாசிப்பது

இத்தனைக்கும் பிறகு இப்னு பதூதாவைப் பாடசாலையிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரை முழுதாக வாசிக்க வேண்டும் என்கிறேன். நமது பழமைக்குச் சாட்சியாக அவரை அழைப்பதென்றால், சாட்சியின் மற்ற வாக்குமூலங்களையும் கேட்டாக வேண்டும். பெருமைக்கு இரண்டு பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மாலைதீவுப் பெண்களை மறைத்தால், வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காத காழியோடு நாமும் சேர்ந்துகொள்கிறோம். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதா, பெண்கள் காதியாகலாமா என்றெல்லாம் நம் சமூகம் வாதாடிக்கொண்டிருக்கும் காலம் இது. எந்தப் பக்கம் நின்று பேசினாலும், அந்தத் தோட்டத்துப் பிள்ளை கேட்ட கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மாலைதீவுக்கும் நமது துறைமுகங்களுக்கும் இடையே மாசியோடும் கயிற்றோடும் வந்துபோன மனிதர்களின் கதை நம் தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். காலியிலும் கொழும்பிலும் பழைய மாசி வியாபாரக் குடும்பங்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம். அத்தோடு மாலைதீவு அத்தியாயத்தை அரபிலிருந்து நேரே, முழுதாக, குறிப்புரையோடு நல்ல தமிழில் யாராவது தந்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இந்த வருடப் பேச்சுப் போட்டிக்கும் ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். பழைய குறிப்பைக் கொடுக்கவில்லை. கன்னலூஸில் இறங்கியதிலிருந்து மகனை விட்டுவிட்டுக் கப்பலேறியது வரை எழுதிக் கொடுத்து, இதில் எதைச் சொல்லப் போகிறாய் என்று அவளிடமே விட்டேன். அடுத்த நாள் வந்து, "டீச்சர், ஐஞ்சு நிமிசம் காணாது" என்றாள்.